சினைக்குள் நிகழும் சேதம்

மழைக்காலத்தில் பெருமாள் ஏரி நிரம்பத் தொடங்கும்போது, கரையோரக் கோரைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே விரால் சோடியொன்று களைகளை விலக்கிச் சிறு வட்டமாக இடம் ஒதுக்கி, அதில் மிதக்கும் பொன்னிற முட்டைகளைச் சுற்றிச் சுற்றிக் காவல் காக்கிறது. அதே ஏரியின் ஆழமில்லாத பகுதியில் ஜிலேபி மீனின் ஆண், வாயாலும் வாலாலும் அடிச்சேற்றைக் கிண்ணம்போலக் குடைந்து பள்ளம் பறிக்க, பெண் மீன் அந்தப் பள்ளத்தில் முட்டையிட்டு, பின்னர் அவற்றை வாய்க்குள் அள்ளிக்கொண்டு இரையும் எடுக்காமல் அடைகாக்கிறது. வருங்கால மீன்வளம் முழுவதும் தங்கியிருக்கும் அந்தச் சில நாட்களில், முட்டை உரசிக்கொண்டிருக்கும் சேற்றில் என்னென்ன கலந்திருக்கின்றன என்பதுதான் கடலூர் மாவட்டத்தின் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் பல ஆண்டுகளாக வெவ்வேறு வடிவங்களில் எழுந்துவரும் கேள்வி.

நெய்வேலிச் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியிலுள்ள நிலத்தடி நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருப்பதால், அந்த அழுத்தத்தைக் குறைக்க நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும். அப்படி இறைக்கப்படும் நீரில் ஒரு பகுதி பரவனாற்றின் வழியே வாலாஜா ஏரிக்கும், அங்கிருந்து பெருமாள் ஏரிக்கும் வந்து, பாசனத்துக்குப் போக எஞ்சியது கடலூர் அருகே உப்பனாற்றுடன் சேர்ந்து வங்கக் கடலை அடைகிறது. இந்த நீரால் பயனடையும் உழவர்களே, அதனோடு நிலக்கரித் தூளும் சாம்பலும் வந்து ஏரிகளைத் தூர்க்கின்றன என்றும் நெடுங்காலமாகப் புகார் கூறிவருகின்றனர். அந்தச் சாம்பலில் சிறிதளவு இயற்கைக் கதிரியக்கமும் உண்டு. 2023 ஆகஸ்ட் 24 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா அணுவுலையிலிருந்து சுத்திகரிக்கப்பட்ட நீர் பசிபிக் கடலில் திறந்துவிடப்பட்டதும், கதிரியக்கம் கலந்த நீரில் வளரும் மீனைப் பற்றிய பேச்சு உலகெங்கும் மீன் சந்தைகளுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அந்தப் பேச்சில் பெரும்பகுதி, மீனை உண்டால் மனிதருக்கு என்ன ஆகும் என்பதோடு நின்றுவிட்டது. மீனுக்கு என்ன ஆகும், அதன் சினைக்கும் குஞ்சுக்கும் அதற்கடுத்த தலைமுறைக்கும் என்ன ஆகும் என்ற வினாவுக்கு அறிவியல் எண்பது ஆண்டுகளாக விடை தேடிவருகிறது. அந்தத் தேடலில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

சாம்பலில் எஞ்சுவது

கதிரியக்கம் என்றதும் அணுவுலை மட்டுமே நினைவுக்கு வருவது வழக்கம் என்றாலும், மண்ணிலும் பாறையிலும் நிலக்கரியிலும் யுரேனியம், தோரியம் ஆகிய தனிமங்களும், அவை சிதைந்து உருவாகும் ரேடியம், பொலோனியம் போன்றவையும் இயற்கையாகவே சிறிதளவு கலந்திருக்கின்றன. உலகச் சராசரியாக ஒரு கிலோ நிலக்கரியில் யுரேனியம்-238 ஏறத்தாழ 20 பெக்கரல் அளவில் இருப்பதாக ஐ.நா.வின் கதிர்வீச்சு விளைவுகளுக்கான அறிவியல் குழு கணக்கிட்டுள்ளது. இது சாதாரண மண்ணில் இருப்பதைவிடக் குறைவு. எரிக்கும்போது கரி வாயுவாக வெளியேறிவிட, இத்தனிமங்களில் பெரும்பகுதி சாம்பலிலேயே தங்கிவிடுவதால், அங்கே அவற்றின் செறிவு பல மடங்கு கூடிவிடுகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் சாம்பலின் பங்கு குறைவு என்பது பெருமையாகச் சொல்லப்படும் செய்தி. எனினும் சாம்பல் எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு எஞ்சும் சாம்பலில் செறிவு கூடும் என்பதும் அதே கணக்கின் மறுபக்கமே. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூட அறிவியலாளர்கள், அனல்மின் நிலையத்தின் புகையால் சுற்றுப்புற மக்கள் பெறும் கதிர்வீச்சு, இயல்பாக இயங்கும் அணுமின் நிலையத்தால் பெறுவதற்கு ஒப்பானதாக இருக்கக்கூடும் என்று 1978-இலேயே எழுதினர். இரண்டும் மிகச் சிறிய அளவுகளே என்பதையும் சேர்த்தே அக்கூற்றைப் படிக்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: அளவுகளைப் படிக்கும் முறை

ஒரு வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். ஒரு பொருளில் எவ்வளவு கதிரியக்கம் உள்ளது என்பதை இது சொல்லுமே தவிர, அதனால் உடலுக்கு எவ்வளவு பாதிப்பு என்பதைச் சொல்லாது. ஒரு கிலோ உடல் திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது ஒரு கிரே. உயிரினங்களின் பாதிப்பு இந்த அலகிலேயே பேசப்படுகிறது. கிரேயில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே, பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோகிரே. எந்த மாசும் படாத மீனின் தசையிலும் இயற்கையான பொட்டாசியம்-40 காரணமாகக் கிலோவுக்கு ஏறத்தாழ 100 பெக்கரல் இருக்கும். ஜப்பான் 2012 ஏப்ரல் முதல் உணவுப் பொருளில் அனுமதிக்கும் சீசியத்தின் உச்ச அளவும் கிலோவுக்கு 100 பெக்கரல்தான்.

முட்டை ஏன் முதலில் அடிபடுகிறது?

வளர்ந்த மீன் கதிர்வீச்சைத் தாங்குவதில் மனிதரைவிட வலிமையானது. மருத்துவம் இல்லாத நிலையில் மனிதர்களில் பாதிப்பேரைக் கொல்லக்கூடிய அளவு ஏறத்தாழ 4 கிரே என்றால், பல மீனினங்களுக்கு அது 10 முதல் 25 கிரே வரை செல்கிறது. ஆனால் இந்த வலிமை முட்டைக்குக் கிடையாது. ஐ.நா. அறிவியல் குழுவின் 1996-ஆம் ஆண்டு அறிக்கை, ஒற்றைச் செல் நிலையிலுள்ள சால்மன் கருக்களில் பாதியை அழிக்க 0.16 கிரே போதுமானதாக இருந்த ஆய்வொன்றை எடுத்துக்காட்டுகிறது. ஒரே உயிரினத்தின் இரண்டு பருவங்களுக்கிடையே ஏறத்தாழ நூறு மடங்கு வேறுபாடு இருப்பதற்குக் காரணம், செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றனவோ அவ்வளவு எளிதில் கதிர்வீச்சுக்கு இரையாகின்றன என்பதே. பிரெஞ்சு ஆய்வாளர்களான பெர்கோனியேயும் திரிபோந்தோவும் 1906-இல் வகுத்த இவ்விதி இன்றைய புற்றுநோய்க் கதிர் மருத்துவத்துக்கும் அடிப்படை. வரிக்குதிரை மீனின் முட்டை கருவுற்ற இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தலை, கண், வால் எல்லாம் அமைந்து உருப்பெற்றுவிடும். அந்த வேகத்தில் ஒரு மணி நேர இடையூறு எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கதிர் மீனை வெளியிலிருந்து மட்டும் தாக்குவதில்லை. சீசியம்-137 வேதியியல் குணத்தில் பொட்டாசியத்தை ஒத்திருப்பதால் தசையில் சேர்கிறது. ஸ்ட்ரோன்சியம்-90 கால்சியத்தை ஒத்திருப்பதால் எலும்பிலும் செதிலிலும் படிகிறது. பொலோனியம்-210 ஈரல் போன்ற உறுப்புகளை நாடிச் செல்கிறது. கடல்நீரில் பொட்டாசியம் மிகுதியாகக் கரைந்திருப்பதால் கடல்மீன் சீசியத்தைக் குறைவாகவே ஏற்றுக்கொள்கிறது, ஏரி மீனோ பொட்டாசியப் பற்றாக்குறையால் கிடைக்கும் சீசியத்தையும் விடாமல் உடலில் தேக்கிக்கொள்கிறது. செர்னோபில் விபத்துக்குப் பிந்தைய பல்லாண்டுகள் ஐரோப்பாவின் கடல்மீனைவிட ஏரி மீனே அதிகாரிகளுக்குக் கவலையளித்தது இதனால்தான். தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி ஜமால் முகமது கல்லூரி ஆய்வாளர்கள் காவிரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் இயற்கைப் பொலோனியம்-210 பரவியிருக்கும் விதத்தை 1990-களில் அளந்துள்ளனர். ஏரிகளின் உயிரினங்களை ஆராய விரும்புவோருக்கு அது ஆயத்தமாக இருக்கும் முன்மாதிரி.

சியாட்டில் முதல் கல்பாக்கம் வரை

இத்துறையின் தொடக்கமே ஓர் இரகசியத்தில் அமைந்தது. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரிக்கும் உலைகள் கொலம்பியா ஆற்று நீரால் குளிர்விக்கப்பட்டதால், ஆற்றின் புகழ்பெற்ற சால்மன் மீன்களுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று கவலைகொண்ட இராணுவம், 1943-இல் சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மீனியல் அறிஞர் லாரன் டொனால்ட்சனிடம் உண்மை நோக்கத்தை மறைத்து ஓர் ஆய்வுக்கூடத்தை ஒப்படைத்தது. அவருடைய குழு பெற்றோர் மீன்களுக்கு எக்ஸ்-கதிர் கொடுத்து, அவற்றின் முட்டையும் குஞ்சும் எவ்வாறு பாதிக்கப்படுகின்றன என்பதைப் பின்தொடர்ந்து, 1949-இல் வெளியிட்டது. மீன் தலைமுறைகளில் கதிர்வீச்சின் தாக்கத்தைப் பின்தொடர்ந்த ஆய்வுகளுக்கு அதுவே முன்னோடி. அதே டொனால்ட்சன் பின்னாளில் சால்மன் முட்டைகளைக் கோபால்ட்-60-இன் மெல்லிய கதிரில் நாள்தோறும் வைத்திருந்து, குஞ்சுகளைக் கடலுக்கு அனுப்பி, ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தவற்றை எண்ணிப் பார்த்தபோது, கதிர் பெற்றவற்றின் எண்ணிக்கை குறைந்திருக்கவில்லை. கதிர்வீச்சு என்றாலே அழிவு என்று எழுதுவோரும், ஒன்றுமே ஆகாது என்று எழுதுவோரும் தத்தமக்கு வசதியான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள, டொனால்ட்சனின் இரண்டு முடிவுகளும் இடந்தருகின்றன. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு, அளவும் அது கொடுக்கப்படும் வேகமும் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன என்பது புலப்படும்.

ஜப்பானில் நெல் வயல்களில் வாழும் மெடாகா என்னும் சிறு மீனை வைத்து அகிஹிரோ ஷிமாவும் அட்சுகோ ஷிமாடாவும் செய்த பரிசோதனைதான் இவ்வரிசையில் மிகவும் நுட்பமானது. ஆண் மீனுக்குக் காமா கதிர் கொடுத்து, நிறமிக்கான மரபணுக்களில் ஒடுங்கு பண்பு கொண்ட பெண் மீனுடன் இணையவிட்டால், தந்தையின் விந்தணுவில் அந்த மரபணு பழுதாகியிருக்கும் பட்சத்தில் கருவில் நிறம் தவறித் தெரியும். மெடாகாவின் முட்டை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவதால், பொரிப்பதற்கு முன்பே நுண்ணோக்கியின் கீழ் அதை எண்ணிவிடலாம். 1991-இல் வெளியான அம்முடிவுகளில் கவனிக்க வேண்டியது, பழுதான கருக்களில் பெரும்பாலானவை பொரிக்காமலேயே இறந்துபோயின என்பது.

நார்வே உயிர் அறிவியல் பல்கலைக்கழகத்தினர் வரிக்குதிரை மீன்களுக்கு அவற்றின் இனச்செல்கள் உருவாகும் 27 நாட்களில் இருவேறு அளவுகளில் காமா கதிர் கொடுத்தனர். மணிக்கு 53 மில்லிகிரே பெற்ற பெற்றோரின் கருக்கள் அனைத்தும் சில மணி நேரத்தில் இறந்தன. மணிக்கு 8.7 மில்லிகிரே பெற்றவற்றின் குஞ்சுகள் பிழைத்தாலும், அவற்றின் மரபணுத் தொகுதியில் சேதமும், மரபணு எழுத்து மாறாமலே அதன் செயல்பாட்டை மாற்றும் வேதிக் குறிகளில் மாற்றமும் காணப்பட்டன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்மெல் மதர்சில், காலின் சீமோர் ஆகியோர் கண்டது இதனினும் வியப்புக்குரியது: கதிர் பெற்ற ரெயின்போ டிரவுட் மீனுடன் ஒரே தொட்டியில் நீந்திய, கதிரே படாத மீனின் திசுக்களிலும் கதிர் பட்டதைப் போன்ற எதிர்வினை தோன்றியது.

இவையெல்லாம் ஆய்வகத்தில் நிகழ்ந்தவை. வெளியில் நடந்ததைச் செர்னோபில் காட்டியது. 1986 விபத்துக்குப் பின் உலையின் குளிர்விப்புக் குளத்தில் வளர்ந்த வெள்ளிக்கெண்டைகளின் இனப்பெருக்க உறுப்புகளில் குறைபாடுகள் பதிவாயின. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அப்பகுதி ஏரிகளை ஆராய்ந்த பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகக் குழு, மீன்கள் பொதுவாக நலமாகவே இருப்பதையும், ஆனால் பெர்ச் என்னும் ஓரினத்தில் மட்டும் சினைப்பை முதிர்வது தாமதமாவதையும், உடன் வாழும் ரோச் மீனில் அத்தகைய குறை இல்லாததையும் 2018-இல் வெளியிட்டது. ஒரு மீனுக்குப் பொருந்துவது அடுத்த மீனுக்குப் பொருந்தாது என்பதால், ஐரோப்பிய மீனின் முடிவை விராலுக்கும் கெளுத்திக்கும் அப்படியே ஏற்றிச் சொல்ல இயலாது.

அந்த வகையில்தான் கல்பாக்கத்தின் பணி முக்கியத்துவம் பெறுகிறது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய ஆய்வாளர்கள், தமிழ்நாட்டுக் குளங்களில் பரவலாக வளர்க்கப்படும் கட்லா மீனுக்குக் காமா கதிர் கொடுத்து, அதன் சிவப்பணுக்களில் நுண்கருக்கள் உருவாவதை 2012-இல் வெளியிட்டனர். நுண்கரு என்பது, செல் பிரியும்போது உடைந்த குரோமோசோம் துண்டு கருவோடு சேர முடியாமல் தனியே தங்கிவிடும் சிறு புள்ளி. மனிதரின் சிவப்பணுவில் கரு இல்லை, மீனின் சிவப்பணுவில் உண்டு. எனவே மீனைக் கொல்லாமல் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடிச் சில்லில் தேய்த்துச் சாயமேற்றினாலே இப்புள்ளிகளை எண்ணிவிட முடியும். கோவா பல்கலைக்கழகத்தினர் சாதாக்கெண்டையில் இதே முறையோடு, மரபணு இழை எவ்வளவு சிதைந்துள்ளது என்பதை மின்புலத்தில் ஓடவிட்டுக் காணும் வால்மீன் சோதனையையும் செய்து 2015-இல் வெளியிட்டனர். கருவிச் செலவு குறைந்த, மாவட்டக் கல்லூரியொன்றே செய்துவிடக்கூடிய முறைகள் இவை. ஆனால் இவை சொல்வது உயிரோடிருக்கும் மீனின் இரத்தத்தைப் பற்றித்தான். அடுத்த தலைமுறையைப் பற்றிய கேள்விக்கு இவை முதற்படி மட்டுமே.

பெட்டிச் செய்தி: விண்வெளியில் பொரித்த முட்டை

1994-இல் கொலம்பியா விண்கலத்தில் சென்ற நான்கு மெடாகா மீன்கள், விண்வெளியில் இணைசேர்ந்து முட்டையிட்ட முதல் முதுகெலும்பிகள் ஆயின. இட்ட 43 முட்டைகளில் 8 பயணத்தின்போதே பொரித்தன. ஆய்வகங்களில் இதற்கு நிகரான புகழ் பெற்றுள்ள வரிக்குதிரை மீனோ இந்தியத் துணைக்கண்டத்து ஓடைகளின் மீன். கங்கை மீன்களைப் பற்றிய தம் நூலில் 1822-இல் அதை முதன்முதலாக விவரித்தவர் பிரான்சிஸ் ஹாமில்டன்.

வலையில் சிக்காத சான்று

மெடாகா ஆய்வு காட்டியதை ஏரியில் பொருத்திப் பார்த்தால், பொதுவாக முன்வைக்கப்படும் ஒரு வாதம் ஆட்டம் காண்கிறது. ஊனமான மீன் எதுவும் வலையில் விழவில்லை, ஆகவே பாதிப்பில்லை என்பது அதிகாரிகள் தரப்பில் எப்போதும் சொல்லப்படுவது. இரண்டு தலை மீன் பிடிபட்டதாகப் பரவும் படங்களோ மறுதரப்பின் ஆயுதம். இரண்டுமே இடம் தவறித் தேடுகின்றன. மரபணு பழுதான கருவில் பெரும்பங்கு முட்டைக்குள்ளேயே மடிந்து, பிற மீன்களுக்கு இரையாகிவிடுவதால், சேதம் நிகழ்ந்திருந்தால் அது ஊனமாக அல்லாமல், பொரிக்கும் விகிதம் சற்றே குறைவதாகத்தான் வெளிப்படும். அதை மீன் சந்தையில் காண முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று தமிழ்நாட்டு ஏரிகளுக்கே உரியது. ஏரிக் குத்தகையில் பெரும் வருவாய் தரும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடும் ஆற்றில் இனப்பெருக்கம் செய்பவை. தேங்கிய ஏரியில் அவை இயல்பாகச் சினை விடுவதில்லை. 1957-இல் ஒடிசாவில் ஹீராலால் சவுதுரி ஹார்மோன் ஊசி மூலம் கெண்டைகளைச் சினைவிடச் செய்ததிலிருந்து, ஏரிகளில் விடப்படும் குஞ்சுகள் குஞ்சு பொரிப்பகங்களிலிருந்தே வருகின்றன. ஆகவே ஏரிச் சேற்றில் எது கலந்திருந்தாலும், அதனால் கட்லாவின் சினை கெட்டாலும், அடுத்த ஆண்டு வேறோர் ஊரில் பிறந்த குஞ்சுகள் லாரியில் வந்து இறங்கிவிடுவதால், பிடிப்புக் கணக்கில் எந்தக் குறையும் தெரியாது. ஏரியின் உண்மை நிலையைச் சொல்லக்கூடியவை, அங்கேயே பிறந்து அங்கேயே சினை விடும் விரால், குறவை, கெளுத்தி, ஜிலேபி ஆகியவைதான். மீன்வளத்துறை விலைமதிப்பில் இவற்றுக்குத் தரும் இடம் எதுவாயினும், ஆய்வுக்கு இவையே உரியவை.

நெய்வேலிக்கு ஒரு கணக்கு

அச்சத்தையும் அளந்தே பார்க்க வேண்டும். ஏரிச் சேற்றில் யுரேனியத் தொடரும் தோரியத் தொடரும் கிலோவுக்குத் தலா 100 பெக்கரல் வீதம், அதாவது சாதாரண மண்ணைவிட இரண்டு மூன்று மடங்கு இருப்பதாக வைத்துக்கொண்டால்கூட, சேற்றுக்குள் புதைந்த முட்டைக்கு வெளியிலிருந்து கிடைக்கும் காமா கதிர் மணிக்கு ஏறத்தாழ 0.2 மைக்ரோகிரே அளவில்தான் இருக்கும். ஐரோப்பிய மதிப்பீட்டு முறையில், இதற்கு மேல் இருந்தால்தான் விரிவான ஆய்வு தேவை என்று குறிக்கப்படும் எல்லை மணிக்கு 10 மைக்ரோகிரே. நீர்வாழ் உயிரினத் தொகை குறையும் அபாயமில்லை என்று ஐ.நா. குழு கருதும் அளவு மணிக்கு 400 மைக்ரோகிரே வரை செல்கிறது. முட்டைக்குள் சேரும் ரேடியமும் பொலோனியமும் வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் குறுந்தொலைவில் மிகுந்த சேதம் விளைப்பவை என்பதால் அவற்றைத் தனியே அளந்து கூட்ட வேண்டும். ஆயினும் கதிர்வீச்சு ஒன்றினால் மட்டும் பெருமாள் ஏரியின் மீன்வளம் அழிந்துவிடும் என்று கூற இக்கணக்கில் இடமில்லை.

ஆனால் ஏரி மீன் கதிர்வீச்சை மட்டும் தனியே சந்திப்பதில்லை. நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், பாதரசம், காட்மியம் போன்றவையும் இருக்கின்றன. இவற்றில் சில, செல் தன் மரபணு இழையைச் செப்பனிடும் ஆற்றலையே குறைக்கக்கூடியவை. செப்பனிடும் ஆற்றல் குன்றிய கருவுக்குச் சிறு கதிரும் பெரிதாகலாம் என்பதாலேயே, கதிரை ஒரு துறையும் உலோகத்தை வேறொரு துறையும் தனித்தனியே அளந்து, இரண்டும் வரம்புக்குள் இருப்பதாகச் சான்றளிப்பது மீனின் சினைக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

கடற்கரையிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் மீனவர்களின் அச்சம் கதிர்வீச்சைச் சுற்றியே பேசப்பட்டாலும், இயல்பாக இயங்கும் உலையருகே மீன் முட்டைக்கும் குஞ்சுக்கும் உடனடிக் கேடு விளைவிக்கக்கூடியவை குளிர்விப்பு நீரோடு உறிஞ்சப்படுதல், குழாயில் பாசி பிடிக்காமலிருக்கக் கலக்கப்படும் குளோரின், வெளியேறும் வெந்நீர் ஆகியவை. ஃபுகுஷிமாவில் சுத்திகரிக்கப்பட்ட அந்த நீரைக் கலந்த தொட்டியில் ஹிராமே என்னும் தட்டைமீனை வளர்த்து, அதன் உடலில் டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் நீரிலுள்ள அளவுக்கு மேல் சேர்வதில்லை என்று உலை நிறுவனம் காட்டியது. உண்பவரின் ஐயத்துக்கு அது விடை. சினையைப் பற்றிய ஐயத்துக்கு அல்ல.

சட்டம் யாருக்காக அளக்கிறது?

மனிதரைக் காத்தால் மற்ற உயிரினங்கள் தாமே காக்கப்படும் என்பது பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 1977 முதல் கொண்டிருந்த கொள்கை. மனிதர் நடமாடாத ஏரியடிச் சேற்றில் முட்டையிடும் மீனுக்கு இக்கொள்கை எவ்வாறு பொருந்தும் என்ற விமர்சனம் வலுத்தபின், 2007-இல் ஆணையம் சுற்றுச்சூழலைத் தனியே கணக்கில் கொண்டது. 2008-இல் டிரவுட், தட்டைமீன் உள்ளிட்ட பன்னிரண்டு உயிரினங்களை மாதிரிகளாக வகுத்து, மீனுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 10 மில்லிகிரே வரையிலான அளவை எச்சரிக்கை எல்லையாகக் குறித்தது. இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்துள்ள ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (சீவர்ட் என்பது மனித உடலுக்கான பாதிப்பைக் கணக்கிடும் அலகு) என்ற வரம்போ பொதுமக்களுக்கானது. மீன் சந்தைக்கு வந்தபின் அதன் தசையை அளப்பதும், மீன் பிறக்குமுன் அதன் முட்டையை அளப்பதும் வெவ்வேறு வேலைகள். முதலாவதுக்கு ஆய்வகங்களும் அலுவலர்களும் இருக்கிறார்கள். இரண்டாவதையும் ஓர் அரசாணையால் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

அதற்கான வசதிகள் தொலைவில் இல்லை. 1961-இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், இதே கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நுண்கருவை எண்ணிப் பழகியவர்கள் கல்பாக்கத்தில் இருக்கிறார்கள். பெருமாள் ஏரியிலும் வாலாஜா ஏரியிலும் பிறந்த ஜிலேபியையும் விராலையும், ஒப்பீட்டுக்கு வீராணம் ஏரியில் பிறந்தவற்றையும் எடுத்து, சேறு, ஈரல், சினை மூன்றிலும் கதிரியக்கத் தனிமங்களையும் உலோகங்களையும் ஒரே மாதிரியிலிருந்து அளக்க வேண்டும். பின்னர் இரு தரப்பு மீன்களையும் ஒரே நீரில் சினைவிடச் செய்து, நூறு முட்டைக்கு எத்தனை பொரிக்கின்றன, பொரித்தவற்றில் எத்தனை முதிர்ந்து மீண்டும் சினை பிடிக்கின்றன என்று எண்ண வேண்டும். ஜிலேபி சில மாதங்களிலேயே இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகிவிடுவதால், இரண்டு தலைமுறைகளை ஏறத்தாழ ஓராண்டுக்குள் பார்த்துவிடலாம். முடிவு எதுவானாலும் அது குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி வட்டார ஊராட்சி அலுவலகங்களில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் உரிமை அந்த ஏரிகளில் வலை வீசுவோருக்கும் அந்த மீனை வாங்கிச் சமைப்போருக்கும் உண்டு.